வாங்கிய வீட்டில் மறைத்த சேதம்: பத்திரத்தை ரத்து செய்யலாமா, நஷ்டஈடு கேட்கலாமா?

புதுவீடு_7 (கேள்வி)

தனிவீடு, கீழ்த்தளமும் ஒரு மாடியும். கட்டி 14 வருஷம். சென்னைப் புறநகர். தனிநபர் ஒருவரிடமிருந்து 68 லட்சத்துக்குக் கிரயம், பத்திரம் பதிவாகி 7 மாதம் ஆகிறது. பேங்க் லோன் 45 லட்சம்.

சமையலறை ஃபால்ஸ் சீலிங்கில் வயர் இழுக்க ஒரு பலகையைக் கழற்றியபோது மேலே தள காங்கிரீட் சுமார் 5 அடிக்கு 4 அடி பெயர்ந்து, கம்பி துருவேறித் தெரிகிறது. அதற்கு நேர் மேலே மாடி பாத்ரூம். அங்கே டைல்ஸ் மட்டும் புதுசு. வீடு பார்க்க வந்தபோது எல்லா இடமும் பட்டி பார்த்து பெயின்ட் அடித்திருந்தது. "லீக்கேஜ் எதுவும் கிடையாது சார், ஓனரே சொல்லிட்டார்" என்று புரோக்கர் அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ் கைவசம் இருக்கிறது. விற்றவர் இப்போது "பார்த்துத்தானே வாங்கினீங்க" என்கிறார்.

பத்திரத்தை ரத்து செய்து பணத்தைத் திரும்ப வாங்க முடியுமா, ரிப்பேர் செலவு மட்டும்தான் கிடைக்குமா? ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்), நுகர்வோர் கோர்ட், சிவில் கோர்ட், இதில் எது? எவ்வளவு காலத்துக்குள் போக வேண்டும்? ரிப்பேரை இப்போதே ஆரம்பித்துவிடலாமா?

சிவில்வாதி

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: ஆரம்பிக்க வேண்டாம். கம்பியில் கொத்தனார் கை பட்டதும் உங்கள் வழக்கில் பாதி போய்விடும். தளம் விழாமல் முட்டு மட்டும் கொடுத்து வையுங்கள். மற்றதைக் கீழே பொறியாளர்கள் யாராவது சொல்வார்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது என்றால், சொத்து மாற்றச் சட்டம் 1882, பிரிவு 55(1)(அ). சொத்தில் உள்ள முக்கியமான குறையை விற்பவர் வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும். ஆனால் எல்லாக் குறைக்கும் இது பொருந்தாது. அந்தக் குறை விற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், உங்களுக்குத் தெரிந்திருக்கக் கூடாது, சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் உங்களால் கண்டுபிடிக்க முடியாததாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால், சொல்லாமல் விட்டதையே மோசடி என்று அந்தப் பிரிவின் கடைசிப் பகுதி சொல்கிறது.

இதில் பின்னிரண்டும் உங்களுக்குச் சுலபம். வீடு பார்க்க வருகிறவர் ஃபால்ஸ் சீலிங்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று எந்தக் கோர்ட்டும் எதிர்பார்க்காது. வெளிச் சுவர் விரிசல், தரை ஓதம், கோணலாக நிற்கும் காம்பவுண்டு சுவர் மாதிரி கண்ணுக்குத் தெரிந்தவற்றைக் கேட்டு வழக்குப் போட்டால் அது நிற்காது. வழக்கு முழுக்க முதல் விஷயத்தில்தான் தொங்கும்: அவருக்குத் தெரியும் என்பதை எப்படி நிரூபிப்பீர்கள்? "வீடு பழுதாக இருக்கிறது" என்று 50 ஃபோட்டோ கொடுத்துவிட்டு, "தெரிந்தே மறைத்தார்" என்பதற்கு ஒரு தாள்கூட இல்லாமல் வருகிறவர்கள்தான் அதிகம்.

இதோடு இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872 பிரிவு 17-ஐயும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். தெரிந்த உண்மையை வேண்டுமென்றே மூடி மறைப்பது அங்கே தனியாகவே மோசடி. பிரிவு 19-ல் விற்றவருக்கு ஒரு தற்காப்பு உண்டு: "நீ கவனமாகப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்" என்பது. பேசாமல் இருந்ததற்கு அந்தத் தற்காப்பு செல்லும், பலகை அடித்து மறைத்ததற்குச் செல்லாது. எனவே பிராதில் (வழக்கு மனுவில்) "சொல்லவில்லை" என்று மட்டும் எழுதாமல் "மறைத்தார்" என்று, எதை, எப்படி, எப்போது என்ற விவரத்தோடு எழுத வேண்டும். மோசடி என்று பொதுவாக எழுதினால் போதாது, விவரம் தர வேண்டும் என்பது சிவில் நடைமுறைச் சட்டத்திலேயே இருக்கிறது.

எந்தக் கோர்ட்? விற்றவர் பில்டர் இல்லை, தான் குடியிருந்த வீட்டை விற்ற தனிநபர் என்றால் ரெரா இல்லை. அது புரமோட்டருக்கு, அதாவது வீடு கட்டி விற்கும் பில்டருக்கு எதிரான சட்டம். நுகர்வோர் ஆணையமும் இல்லை. வீடு கட்டிக்கொடுப்பது சேவை. கட்டிய வீட்டை ஒருவர் இன்னொருவருக்கு விற்பது வெறும் சொத்து விற்பனை. இது புரியாமல் நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டு, ஒன்றரை வருஷம் கழித்து "சிவில் கோர்ட்டுக்குப் போ" என்ற உத்தரவோடு திரும்புவது அடிக்கடி நடக்கிறது. உங்களுக்கு சிவில் கோர்ட்தான். புரோக்கர் கமிஷன் வாங்கியிருந்தால் அவர் செய்தது சேவை, அவர்மீது மட்டும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் அவரை எதிரியாக்குவதைவிடச் சாட்சியாக வைத்துக்கொள்வது பல நேரம் லாபம்.

காலம்: பத்திரத்தை ரத்து செய்யக் கேட்டால், காலவரையறைச் சட்டம் 1963, உறுப்பு 59-ன்படி விஷயம் தெரிந்த நாளிலிருந்து 3 வருஷம். பணம் மட்டும் கேட்டாலும் 3 வருஷம்தான். மோசடி என்றால் பிரிவு 17-ன்படி கண்டுபிடித்த நாளிலிருந்து எண்ணலாம். ஆனால் "எப்போது தெரிந்தது" என்பதே ஒரு தனிச் சண்டையாகிவிடும். பத்திரத் தேதியிலிருந்தே 3 வருஷத்துக்குள் தாக்கல் செய்துவிட்டால் அந்தச் சண்டையே வராது.

கம்பியும்காரையும்

கட்டடப் பக்கம் நான் சொல்கிறேன். மேலே கேட்ட "அவருக்குத் தெரியும் என்பதற்கு ஆதாரம்" உங்கள் சமையலறைக் கூரையிலேயே இருக்க வாய்ப்புண்டு. எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

கழற்றிய ஃபால்ஸ் சீலிங் பலகையைத் திருப்பிப் பாருங்கள். ஜிப்சம் போர்டாக இருந்தால் பின்பக்கம் தயாரிப்புத் தேதியோ பேட்ச் எண்ணோ அச்சிட்டிருக்கும். வீடு விற்பதற்கு 3, 4 மாதம் முன்னால் தயாரான பலகை என்றால் "10 வருஷமா சீலிங் அப்படியே இருக்கு, எனக்கு எதுவும் தெரியாது" என்ற பேச்சு அங்கேயே முடிந்தது. பேட்ச் எண் மட்டும் இருந்தால் தேதியை அந்தக் கம்பெனியிடம் எழுதிக் கேட்டு வாங்கலாம்.

அடுத்து கம்பி. துருவின் மேல் பெயின்ட் மாதிரி ஏதாவது பூசியிருக்கிறதா? சாம்பல் நிறத்திலோ சிவப்பிலோ துருத்தடுப்பு பிரைமர் தெரிந்தால், யாரோ துருவைப் பார்த்து, பிரைமர் வாங்கி, பிரஷ் எடுத்துப் பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பெயர்ந்த ஓரத்தைப் பக்கவாட்டில் பார்த்தால் அடுக்குகள் தெரியும்: பழைய காங்கிரீட், அதன்மேல் வேறு நிறத்தில் ஒட்டுக் கலவை, அதற்கும் மேலே பட்டி. அந்த ஒட்டுக்கலவை மறுபடி விழுந்த பிறகுதான் பலகை அடித்து மூடியிருப்பார்கள். இதைக் கிட்டத்தில், அளவுகோலைப் பக்கத்தில் வைத்து, நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள். அறை முழுக்கத் தெரிகிற மாதிரி ஒரு படம், அந்த இடம் அறையில் எங்கே இருக்கிறது என்று காட்டுகிற படம் ஒன்று, பிறகு கிட்டத்துப் படம். கிட்டத்துப் படம் மட்டும் 40 எடுத்தால் அது எந்த வீட்டுக் கூரை என்றே நிரூபிக்க முடியாது. விழுந்த காரைத் துண்டுகளைத் தேதி எழுதிய பையில் போட்டு வையுங்கள்.

முட்டு: இரும்பு ஜாக்கி முட்டுகளை 3 முதல் 4 அடி இடைவெளியில் வைத்து, தலைக்கும் தளத்துக்கும் நடுவே பலகை கொடுங்கள். தளத்தைத் தொட்டு இறுக்கினால் போதும், மேலே தள்ளி நிமிர்த்தப் பார்க்கக் கூடாது. மாடி பாத்ரூமைப் பூட்டிவிட்டு அதற்குப் போகும் தண்ணீர் வால்வை அடையுங்கள். கீழே யாரும் நிற்க வேண்டாம்.

பரிசோதனைக்கு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரையும், என்ஏபிஎல் அங்கீகாரம் உள்ள லேபையும் வையுங்கள். அரசு இன்ஜினியரிங் கல்லூரிகளின் சிவில் துறைகளிலும் கட்டணம் கட்டிப் பரிசோதனை செய்துகொள்ளலாம், அந்த அறிக்கைக்குக் கோர்ட்டில் மதிப்பு அதிகம். உங்கள் வீட்டுக்கு எல்லாச் சோதனையும் தேவையில்லை. முக்கியமானது கார்பனேஷன் சோதனை: புதிதாக உடைத்த காங்கிரீட் முகத்தில் ஃபினால்ஃப்தலீன் கரைசலைத் தெளித்தால் நல்ல காங்கிரீட் இளஞ்சிவப்பாகும், காரத்தன்மை இழந்த பகுதி நிறம் மாறாது. நிறம் மாறாத ஆழம் கம்பி வரை போயிருந்தால் அது 7 மாதத்தில் வந்த கேடு இல்லை, வருஷக்கணக்கில் ஆனது என்று இன்ஜினியர் எழுத முடியும். கூடவே ஹாஃப்-செல் பொட்டென்ஷியல், அதாவது உள்ளே கம்பி அரிக்கிறதா என்று மின்னழுத்தத்தை அளந்து பார்க்கும் சோதனை: காப்பர் சல்பேட் மின்முனையில் மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே போனால் அந்த இடத்தில் கம்பி அரிப்பதற்கு 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற மீதித் தளத்திலும் இதைப் பார்க்கச் சொல்லுங்கள், செலவுக் கணக்கு அங்கேதான் மாறும். உப்புத் தண்ணீரிலோ உப்பு மணலிலோ கட்டியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் குளோரைடு அளவு. காங்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456-ன்படி கம்பி போட்ட காங்கிரீட்டில் கன மீட்டருக்கு 0.6 கிலோவைத் தாண்டக் கூடாது.

கோர் (தளத்தில் துளையிட்டு எடுக்கும் உருளை மாதிரி) எடுப்பதானால் குறைந்தது 3 எடுக்க வேண்டும். சராசரி பலம் அந்த காங்கிரீட் கிரேடுக்கு உரிய பலத்தில் 85 சதவீதத்துக்கும், எந்த ஒரு கோரும் 75 சதவீதத்துக்கும் குறையக் கூடாது என்பது ஐஎஸ் 456 கணக்கு. பழைய வீட்டில் என்ன கிரேடு போட்டார்கள் என்பதற்கே தாள் இருக்காது என்பதால் நான் இதைக் கடைசியில்தான் வைப்பேன்.

அறிக்கையில் பெரும்பாலான இன்ஜினியர்கள் விடுவது ஒன்று உண்டு. என்ன சேதம் என்று 12 பக்கம் எழுதுவார்கள், செலவு எழுதுவார்கள், எத்தனை நாளாக இருந்திருக்கும் என்று எழுத மாட்டார்கள். உங்களுக்கு வேண்டியதே அதுதான். இரண்டு கேள்வியாக எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்: கிரயத் தேதிக்கு முன்பே இந்தச் சேதம் இருந்ததா? முன்பு யாராவது ஒட்டுவேலை செய்து மூடியதற்கு அடையாளம் உண்டா? கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல வருவாரா என்பதையும் பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். எஸ்டிமேட்டை பொதுப்பணித்துறை விலைப்பட்டியலை வைத்துப் போடச் சொன்னால் குறுக்கு விசாரணையில் அடிபடாது.

மூன்றாம்மாடி

இவ்வளவு எதற்கு? நேராக போலீஸில் 420 கொடுங்கள், பயந்து பணத்தைக் கொண்டுவந்து வைப்பார்.

சிவில்வாதி

2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்தது என்றால் அது 420 இல்லை, பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 318. எண் எதுவானாலும் நிலைமை ஒன்றுதான். ஸ்டேஷனில் "சிவில் மேட்டர்" என்று எழுதி மூடுவார்கள். சிவில் தகராறுக்குக் கிரிமினல் சாயம் பூசாதே என்று உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருப்பதால், எஃப்ஐஆர் போட்டாலும் அதை ரத்து செய்யக் கேட்டு எதிர்த்தரப்பு உயர் நீதிமன்றம் போகும். அதோடு, முடித்து வைத்த புகாரின் நகலை அவர் சிவில் வழக்கில் தாக்கல் செய்து "போலீஸே விசாரித்து ஒன்றும் இல்லை என்றது" என்பார். ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததற்கு எழுத்தில் ஆதாரம், உதாரணமாக விற்பனைக்கு முன்னால் அவரே கான்ட்ராக்டருக்கு அனுப்பிய மெசேஜ், கிடைத்தால் அப்போது யோசிக்கலாம்.

புதுவீடு_7

பலகைக்குப் பின்னால் தேதி இருக்கிறது. பத்திரத்துக்கு 5 மாதம் முன்பு. கம்பியில் சாம்பல் பிரைமரும் தெரிகிறது.

பத்திரத்தில் இரண்டு வரி இருக்கிறது. ஒன்று: "மேற்படி சொத்தைத் தாங்கள் நேரில் பார்வையிட்டு முழுத் திருப்தி அடைந்து கிரயம் பெற்றிருக்கிறீர்கள்." இன்னொன்று: "மேற்படி சொத்தில் பின்னிட்டு யாதொரு வில்லங்கம் ஏற்பட்டாலும் எனது சொந்தச் செலவில் தீர்த்துக் கொடுக்கக் கடமைப்பட்டவன்." முதல் வரி எனக்கு எதிராகவும் இரண்டாவது வரி சாதகமாகவும் வருமா?

சிவில்வாதி

நீங்கள் பயப்படுகிற அளவுக்கு முதல் வரி கெடுதல் இல்லை, நம்புகிற அளவுக்கு இரண்டாவது வரி உதவாது.

வில்லங்க வரி பட்டாச் சிக்கல், அடமானம், வாரிசு வழக்கு, ஜப்தி இப்படி உரிமை சார்ந்தவற்றுக்கு எழுதுவது. தளம் பெயர்ந்ததை அதற்குள் திணித்தால் முதல் வாய்தாவிலேயே எதிர்த்தரப்பு வக்கீல் உடைத்துவிடுவார். அதை நம்பி வழக்கைக் கட்ட வேண்டாம்.

திருப்தி வரி ஏறக்குறைய எல்லாப் பத்திரத்திலும் இருக்கிற அச்சு வாசகம். பிரிவு 55 "வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதவரை" என்றுதான் தொடங்குகிறது, அதைப் பிடித்துக்கொண்டு வாதாடுவார்கள். பதில்: பார்த்துத் திருப்தியடைந்தது பார்க்க முடிந்ததற்கு. தானே மூடிய ஒன்றுக்கு அந்த வாசகத்தைக் கேடயமாகப் பிடிக்க முடியாது. பலகைத் தேதி இப்போது கையில் இருப்பதால் இந்த இடத்தில் உங்கள் கை ஓங்கித்தான் இருக்கிறது.

இன்னொன்றைக் கேட்டே ஆக வேண்டும், இங்கே பதில் சொல்ல வேண்டாம், வக்கீலிடம் சொல்லுங்கள்: 68 லட்சமும் பத்திரத்தில் இருக்கிறதா? பத்திரத்தில் ஒரு தொகையும் கையில் ரொக்கமாக இன்னொரு தொகையும் கொடுத்திருந்தால், பணம் திரும்பக் கேட்கும்போது பத்திரத் தொகைதான் பேசும். ரொக்கம் கொடுத்தேன் என்று பிராதில் எழுதினால், 2 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கப் பரிமாற்றம் சொல்லப்படும் வழக்குகளை வருமானவரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025-ல் உத்தரவிட்டிருக்கிறது. நல்ல வழக்குகள் பல ஊமையாகிப் போவது இந்த ஒரு காரணத்தால்தான்.

சரி, ரத்தா நஷ்டஈடா. தமிழ்நாட்டில் பண வழக்குக்குக் கோர்ட் கட்டணம் 3 சதவீதம். ரிப்பேர், வாடகை எல்லாம் சேர்த்து 9 லட்சம் கேட்டால் 27,000 ரூபாய். பத்திரத்தை ரத்து செய்யக் கேட்டால் சொத்து மதிப்பின்மேல் கட்ட வேண்டும். 68 லட்சத்துக்கு 2 லட்சத்து 4 ஆயிரம். அது மட்டுமில்லை, ரத்து கேட்கிறவர் வீட்டைத் திருப்பிக் கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும், குறை தெரிந்த பிறகும் வீடு வேண்டும் என்பது மாதிரி நடந்திருக்கக் கூடாது. சேதம் தெரிந்த பிறகு உள்ளே மாடுலர் கிச்சன் போட்டால் "ஏற்றுக்கொண்டார்" என்பார்கள். பேங்க் அடமானம் இருப்பதால் பேங்கையும் தரப்பினராகச் சேர்க்க வேண்டிவரும். வீடு முழுக்கவே நிற்காது என்று அறிக்கை வந்தால் ரத்து. ஒரு பாத்ரூமும் ஒரு தளமும் என்றால் நஷ்டஈடு. பாதி வழக்குகளில் கோபம்தான் ரத்து கேட்க வைக்கிறது, கணக்குப் போட்டால் நஷ்டஈடுதான் கட்டுப்படியாகும்.

எதெல்லாம் கேட்கலாம்: ரிப்பேர் எஸ்டிமேட், பரிசோதனைக் கட்டணம், வேலை நடக்கும் மாதங்களுக்கு வெளியே வாடகை, ரிப்பேருக்குப் பிறகும் குறையும் சந்தை மதிப்பு இருந்தால் அதற்கு மதிப்பீட்டாளர் அறிக்கை. ரத்து என்றால் முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் அதில் சேரும், பதிவுத்துறை அதைத் திருப்பித் தராது, விற்றவரிடம்தான் கேட்க வேண்டும். மன உளைச்சலுக்குப் பெரிய தொகை போடாதீர்கள். அதற்கும் கோர்ட் கட்டணம் கட்டுவீர்கள், சிவில் கோர்ட்டில் கிடைப்பதோ சொற்பம்.

நோட்டீஸ் எழுதும்போது: பத்திரத்தில் கையெழுத்திட்ட எல்லாருக்கும் தனித்தனியாக. மனைவி, பிள்ளைகள் சேர்ந்து விற்றிருந்தால் அவர்களுக்கும். பவர் ஏஜென்ட் விற்றிருந்தால் ஏஜென்டுக்கும் பவர் எழுதிக் கொடுத்தவருக்கும். 50 லட்சத்துக்கு மேல் என்பதால் நீங்கள் 1 சதவீதம் டிடிஎஸ் (வருமானவரிப் பிடித்தம்) பிடித்து அதற்கான 26கியூபி படிவம் போட்டிருப்பீர்கள், விற்றவரின் பான் எண்ணும் முகவரியும் அதில் இருக்கும். தபாலில் ஒப்புகையோடு அனுப்புங்கள், மெயிலிலும் வாட்ஸ்அப்பிலும் ஒரு நகல். 15 நாள் கெடு. அதற்குள் அவர் தன் இன்ஜினியரோடு வந்து பார்க்க இரண்டு தேதி குறித்துக் கொடுங்கள். இந்தத் தேதிகளை யாரும் கொடுப்பதில்லை, ஆனால் "எங்களைப் பார்க்கவே விடவில்லை" என்ற வாதத்தை இது ஒன்றுதான் அடைக்கும். ஃபால்ஸ் சீலிங், பெயின்ட், டைல்ஸ் வேலை செய்த பில்களையும் ஆட்கள் விவரத்தையும் தரும்படி கேளுங்கள். தராவிட்டால் அதுவும் உங்களுக்குச் சாதகம்.

கம்பியும்காரையும்

வெளியிலிருந்து எடுக்க வேண்டிய ஆதாரம் சிலவற்றை விட்டுவிட்டோம். இணையத்தில் அந்த வீட்டு விளம்பரம் இன்னும் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட். பழைய படத்தில் சீலிங் இல்லாமல் இருந்து, புதுப் படத்தில் சீலிங் வந்திருந்தால் சொல்லவே வேண்டாம். லோனுக்காக பேங்க் அனுப்பிய மதிப்பீட்டாளரின் அறிக்கையில் உள்பக்கப் படங்கள் இருக்கும், நகல் கேளுங்கள். மறுத்தால் கோர்ட் மூலம் வரவழைக்கலாம். முன்பு குடியிருந்த வாடகைக்காரர் யார் என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். "சமையல்கட்டில் காரை விழுது" என்று அவர் ஓனருக்கு அனுப்பிய ஒரு மெசேஜ், என் 12 பக்க அறிக்கையைவிடப் பெரிது.

சிவில்வாதி

ஆமாம், அந்த வாடகைக்காரரைத் தேடுங்கள். மெசேஜ்கள் விஷயத்தில் ஒரு நடைமுறை: ஸ்கிரீன்ஷாட் பிரின்ட் மட்டும் போதாது. பாரதிய சாட்சிய அதினியம் 2023, பிரிவு 63-ன் கீழ் சான்றிதழ் இணைக்க வேண்டும். இரண்டு பகுதி: ஃபோன் யாருடையதோ அவர் ஒன்று, நிபுணர் ஒன்று, ஃபைலின் ஹாஷ் மதிப்போடு (ஃபைல் மாறவில்லை என்று காட்டும் கைரேகை மாதிரியான எண்). ஃபோனை மாற்றாதீர்கள், அந்த சாட்டை டிலீட் செய்யாதீர்கள்.

வழக்குத் தாக்கல் செய்யும்போதே அட்வகேட் கமிஷனர் (கோர்ட் சார்பில் வந்து பார்வையிடும் வக்கீல்) நியமிக்க மனு, சிவில் நடைமுறைச் சட்டம் கட்டளை 26 விதி 9. இன்ஜினியர் உதவியோடு வந்து பார்த்து அறிக்கை தாக்கல் செய்யும்படி கேளுங்கள். கமிஷனர் பார்த்துப் படம் எடுத்துப் போன பிறகு, கோர்ட் அனுமதியோடு ரிப்பேரைத் தொடங்கலாம். அதுவரை முட்டுதான். ரொம்ப நாள் சும்மா போட்டு வைத்தாலும் ஆபத்து, நஷ்டத்தைக் குறைக்க நீங்கள் என்ன செய்தீர்கள் என்று ஒப்பந்தச் சட்டம் பிரிவு 73 கேட்கும். முட்டுக் கொடுத்தது, தண்ணீரை அடைத்தது, எல்லாவற்றுக்கும் பில் வையுங்கள்.

விற்றவர் வெளிநாடு போகிறார், இருக்கிற ஒரே சொத்தையும் விற்கிறார் என்று திட்டவட்டமாகத் தெரிந்தால் கட்டளை 38 விதி 5-ல் தீர்ப்புக்கு முன் ஜப்தி கேட்கலாம். வெறும் சந்தேகத்துக்குக் கோர்ட் தராது.

மணல்மேடு

எனக்கும் இதே மாதிரிக் குறைதான், ஆனால் அபார்ட்மென்ட், பில்டரிடம் வாங்கியது. வீடு ஒப்படைத்து 4 வருஷம் 2 மாதம். ஜன்னல் ஓரம் முழுக்கக் கசிவு, பால்கனி அடிப்பக்கம் காரை விழுகிறது. பில்டர் "வாரன்டி 1 வருஷம்தான், அக்ரிமென்டில் போட்டிருக்கு" என்கிறார்.

அசோசியேஷன்_செயலர்

உங்களுக்கு வேறு பாதை, இதைவிடச் சுலபமான பாதை. ரெரா சட்டம் 2016, பிரிவு 14(3): கட்டமைப்பு, வேலைத்தரம், சேவை எதில் குறை என்றாலும், வீடு ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருஷத்துக்குள் தெரிவித்தால் பில்டர் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் இழப்பீடு. பில்டருக்குத் தெரியுமா தெரியாதா என்ற கேள்வியே இங்கே கிடையாது, அதுதான் மேலே உள்ளவருக்கும் உங்களுக்கும் வித்தியாசம். அக்ரிமென்டில் 1 வருஷம் என்று போட்டு இந்த 5 வருஷத்தைக் குறைக்க முடியாது.

உங்களுக்கு 10 மாதம் இருக்கிறது. இதில் ஆட்கள் கோட்டைவிடும் இடம், குறையைத் தெரிவிக்கிற விதம். குடியிருப்போர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டது, மெயின்டனன்ஸ் சூப்பர்வைசரிடம் வாயால் சொன்னது எதுவும் கணக்கில் வராது. அக்ரிமென்டில் உள்ள புரமோட்டரின் முகவரிக்கு ஒப்புகைத் தபாலும், பதிவான மெயிலுக்கு ஒரு நகலும். ஒவ்வொரு குறையையும் இடத்தோடு எழுதுங்கள்: "படுக்கையறை 2, மேற்கு ஜன்னல், கீழ் வலது மூலை." "வீடு முழுக்க லீக்" என்று எழுதினால் ஒரு இடத்தில் சிலிக்கான் அடித்துவிட்டு "சரிசெய்தாயிற்று" என்று பதில் வரும்.

30 நாள் கழிந்தால் தமிழ்நாடு ரெராவில் இரண்டு படிவம். சரிசெய்ய உத்தரவு வேண்டும் என்றால் படிவம் எம், ஆணையத்தின் முன். இழப்பீடு என்றால் படிவம் என், தீர்ப்பளிக்கும் அலுவலர் முன். இரண்டையும் ஒரே மனுவில் குழப்பினால் திருப்பிவிடுவார்கள். மொட்டைமாடி, பொதுக்குழாய், வெளிச்சுவர் மாதிரிப் பொது இடக் குறைகளை அசோசியேஷன் பெயரில் போடுவது நல்லது.

பில்டரின் வழக்கமான பதில்: "நீங்கள் சுவரை உடைத்தீர்கள், ஏசிக்கு ஓட்டை போட்டீர்கள், கிரில் அடித்தீர்கள்." ஜன்னல் ஓரக் கசிவுக்கு கிரில்தான் அவர்களுக்குப் பிடித்த சாக்கு. கிரில் போடாத வீடுகளிலும் அதே கசிவு இருக்கிறதா என்று பார்த்துப் படம் எடுத்து வைத்தால் அந்தச் சாக்கு செல்லாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்தில், மழை பெய்யும்போதே வீடியோ எடுங்கள்.

மறுவிற்பனையில் வாங்கியவர்களும் "ஒதுக்கீடு பெற்றவர்" என்ற வரையறைக்குள் வருவார்கள், பிரிவு 2(டி) பாருங்கள். ஆனால் 5 வருஷம் முதல் ஒப்படைப்பிலிருந்துதான் ஓடும், நீங்கள் வாங்கிய தேதியிலிருந்து இல்லை.

நுகர்வோர் ஆணையமும் உங்களுக்குத் திறந்தே இருக்கிறது. ரெரா வந்துவிட்டதால் அந்தக் கதவு மூடவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொல்லிவிட்டது. காலம், வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருஷம். கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், 2 கோடி வரை மாநில ஆணையம், அதற்கு மேல் தேசிய ஆணையம். கட்டணம் மிகக் குறைவு, 20 முதல் 50 லட்சம் விலைக்கு 1,000 ரூபாய்தான். ஒரே நிவாரணத்துக்கு இரண்டு இடத்திலும் ஏறக் கூடாது. 500 சதுர மீட்டர் வரையுள்ள மனையில், அல்லது 8 வீடு வரை கட்டிய சின்னத் திட்டம், ரெரா பதிவே இல்லை என்றால் நுகர்வோர் ஆணையம்தான் நேர் வழி.

புதுவீடு_7

விற்றவர் இன்று ஃபோன் செய்து 3 லட்சம் தருகிறேன், முடித்துக்கொள்ளலாம் என்கிறார். வாங்கலாமா? இன்னொன்று, கேஸ் முடியும்வரை இஎம்ஐ நிறுத்தி வைக்கலாமா?

கம்பியும்காரையும்

ஹாஃப்-செல் பார்க்காமல் எந்தத் தொகைக்கும் தலையாட்டாதீர்கள். 20 சதுர அடிதான் பெயர்ந்திருக்கிறது என்று 3 லட்சம் சொல்கிறார். பாத்ரூமின் சங்கன் பகுதி (குழாய்களுக்காகத் தளத்தைத் தாழ்த்திக் கட்டிய பகுதி) முழுக்க ஊறியிருந்தால், தளத்தோடு அதைத் தாங்கும் பீமும் போயிருக்கும். கம்பியின் விட்டம் கால்வாசி தேய்ந்திருந்தால் சுரண்டிப் பூசினால் போதாது, புதுக் கம்பி சேர்க்க வேண்டும். மேலே டைல்ஸை எடுத்து வாட்டர்புரூஃபிங் புதிதாகப் போட்டு, 48 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பார்த்த பிறகுதான் கீழ்வேலை தொடங்க முடியும். கீழே மட்டும் பூசினால் அடுத்த வருஷம் மறுபடி விழும்.

சிவில்வாதி

சமரசம் நல்லதுதான், வாயால் வேண்டாம். வழக்குப் போட்ட பிறகு சமரசம் ஆனால் தீர்வாணையாக (கோர்ட்டின் டிக்ரியாக) பதிவாகும், கட்டிய கோர்ட் கட்டணமும் முழுசாகத் திரும்பும். கோர்ட்டுக்கு வெளியே பேசி முடித்தாலும் அந்தக் கட்டணம் திரும்பும் என்று சென்னை உயர் நீதிமன்ற விஷயத்தில் 2021-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. வழக்குக்கு முன்பே என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்து லோக் அதாலத்தில் முடியுங்கள், அந்த ஆணைக்கு மேல்முறையீடு கிடையாது, பணம் தராவிட்டால் நேராக நிறைவேற்று மனுப் போடலாம். 100 ரூபாய் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் அதை வைத்து மறுபடி ஒரு வழக்குப் போட வேண்டியிருக்கும்.

"இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரியைப் பணம் முழுசாகக் கணக்கில் ஏறும்வரை எழுதிக் கொடுக்காதீர்கள். எழுதும்போதும் "சமையலறைத் தளம், மேல் பாத்ரூம் தொடர்பாக" என்று வரம்பு போடுங்கள். நாளைக்கு இன்னொரு அறையின் சீலிங்கைக் கழற்றும்போது என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது.

இஎம்ஐ நிறுத்தக் கூடாது. லோன் உங்களுக்கும் பேங்குக்கும் நடுவே உள்ள ஒப்பந்தம், விற்றவர் ஏமாற்றியது அதைத் தொடாது. நிறுத்தினால் 90 நாளில் வாராக்கடன், பிறகு அடமான வீட்டைக் கைப்பற்றி விற்க பேங்க் அனுப்பும் சர்ஃபேசி நோட்டீஸ். தளத்தை உடைத்துக் கட்டும் அளவுக்கு வேலை என்றால் ஆரம்பிக்கும் முன் பேங்குக்கு எழுதித் தெரிவித்து அனுமதி வாங்குங்கள், கட்டடமும் அவர்களிடம் அடமானத்தில்தான் இருக்கிறது.